கோமதி டீச்சருக்காகப் பதித்த கற்கள்

நான் வேலை பார்த்த பிரிவில் இப்போது இருக்கும் இளம் பொறியாளர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மரியாதைக்காக எங்களைப் போல ஓய்வு பெற்றவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் அதில் ஒரு படம் போட்டிருந்தார். நெல்லை டவுனில் தேர் ஓடும் ரத வீதி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால், வழவழப்பான தார்ச் சாலைக்குக் குறுக்கே முரட்டுக் கற்கள் ஒரு பட்டையாகப் பதிந்திருக்கின்றன. 'இது எதற்கு? பெயர்த்துவிட்டுத் தார் போட்டுவிடலாமா?' என்று கேட்டிருந்தார். 'தொடாதீர்கள்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினேன். ஏன் என்று கேட்டார். அதற்கான பதில் கைப்பேசியில் தட்டி முடிகிற காரியமில்லை. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் மைதீன். ஊர் மேலப்பாளையம். சாலைப் பிரிவில் ஓவர்சியராக இருந்தவன். பயந்த சுபாவம். அதை மறைத்து இந்த வயதில் என்ன ஆகப் போகிறது? கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆட்கள் உண்டல்லவா, நான் அந்த ரகம். இந்தச் சுபாவத்தோடு ரோடு வேலைக்கு வந்தவனுக்கு நிம்மதி கிடையாது. நாம் போட்ட ரோட்டில் யாராவது போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் போகிறார்கள். "நீங்க தொழுகையில நின்னாலும் மனசு ரோட்டுலதான நிக்குது" என்பாள் என் வீட்டம்மா. அல்லாஹ் மன்னிக்கட்டும், அவள் சொல்வது பொய்யில்லை.

டிப்ளமோ முடித்துவிட்டு வள்ளியூர்ப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் வெயிலில் காய்ந்தேன். கங்கைகொண்டானில் தொழிற்பேட்டைச் சாலைகள் போட்டபோது மட்டம் பார்க்கப் படித்தேன். பிறகு அரசாங்க வேலை கிடைத்தது. அந்த வருஷங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உருப்படியாக நான் கற்றதெல்லாம் தேவசகாயம் சார் செயற்பொறியாளராக வந்த பிறகுதான்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரோட்டைப் பார்க்க வந்தால் ஷூவைக் கழற்றி ஜீப்பிலேயே வைத்துவிட்டு, அடி தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்குவார். பள்ளம் மேடு காலுக்குத் தெரிய வேண்டுமாம். பைய நடப்பார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எல்லா ஓவர்சியர்களையும் விட்டுவிட்டு என்னை ஏன் கூட்டிப்போகிறார் என்று மற்றவர்களுக்கு வருத்தம். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

"உமக்கு இங்கன நின்னா என்ன பயம் வருதுவே? சொல்லும்."

"வளைவுல ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்துதாங்க சார். வாற வண்டி தெரியாது."

"அப்புறம்?"

"ஆட்டோக்காரன் நடு ரோட்டுக்கு ஏறுவான்."

"அப்புறம்?"

"எதுத்தாப்புல பஸ்ஸு வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார், சாவுதான்."

"அத முதல்ல சொல்லும்வே" என்பார். மறுநாள் அந்த வளைவில் வண்டி நிறுத்தத் தடை போட உத்தரவு தயாராகிவிடும். வீட்டில் எல்லாரும் கேலி செய்த என் பயத்துக்கு உத்தியோகம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் வேப்ப மரங்கள் நின்ற ஒரு காலி இடத்தை வாகன நிறுத்துமிடம் ஆக்கினோம். சுவருக்குச் சுவர் கான்கிரீட் போட்டுவிட்டால் சுலபம் என்றார் காண்ட்ராக்டர். வண்டி மேல் காக்கை எச்சம் போடும், மரங்களையும் எடுத்துவிடலாம் என்றார். எனக்குத் தண்ணீர்ப் பயம். அந்த இடத்துக்குக் கீழே ஒரு சந்து, சந்து நிறைய வீடுகள். மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாவிட்டால் நேரே அந்த வீடுகளின் நடைவாசலுக்குத்தான் போகும். சார் வழக்கம்போல 'அப்புறம்?' கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு கிழவி கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற வரைக்கும் என்னைச் சொல்ல வைத்துவிட்டார். சக்கரம் உருளும் தடத்தில் மட்டும் கல், நடுவில் சரளை, மரத்தைச் சுற்றித் திறந்த மண் என்று முடிவானது. ஐப்பசி மழை வெளுத்து வாங்கிய ஒரு பகலில் குடையோடு போய் அங்கே நின்றேன். தண்ணீர் குமிழியிட்டு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிழலுக்காக ஜனங்களும் தாமாகவே வண்டியை அங்கே கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள்.

ரத வீதி விவகாரம் அப்படி லேசில் முடியவில்லை.

தேர் ஓடும் வீதியில் நிரந்தரமாக வேகத்தடை போட முடியாது. அத்தனை எடையும் உயரமும் உள்ள தேர் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கத் தயாரில்லை. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஆனி மாதத் தேரோட்டத்துக்கு முன்னால் வீதியிலுள்ள வேகத்தடைகளையெல்லாம் கடப்பாரை போட்டுப் பெயர்த்து, தார்க் கலவை நிரப்பி, நூல் பிடித்து மட்டம் பார்த்துக் கொடுக்க வேண்டும். தேர் நிலைக்கு வந்த பிறகு பழையபடி மேடு போட வேண்டும். மேலப்பாளையத்து பாய் ஒருவன் தேருக்கு வழி சரி செய்வதை யாரும் விசேஷமாக நினைத்ததில்லை. "பாய் பாத்தாச்சா? அப்பம் சரி" என்பார்கள்.

எடுப்பது சீக்கிரம் நடந்துவிடும். திரும்பப் போடுவதில்தான் தாமதம். ஒப்பந்தம் முடிவாக வேண்டும், தார் வர வேண்டும், மழை விட வேண்டும். அந்த இடைப்பட்ட வாரங்களில் ரோடு பளிங்கு மாதிரி கிடக்கும். பையன்கள் பைக்கில் பறப்பார்கள். எனக்கு வருஷா வருஷம் அந்த நாட்களில் சோறு இறங்காது. அதற்குக் காரணம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றால் பாதிதான் சரி. பிள்ளைகளைக் கடத்திவிட வாத்தியார்கள் நிற்பார்கள். மீதிப் பாதி, கோமதி டீச்சர்.

அந்தப் பள்ளியில் சரித்திரம் எடுப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லை. பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து எதிர்ப்பக்கம் இறங்கி, வெள்ளைக் கோலோடு தனியாக ரோட்டைக் கடந்து வருவார். முதல்முறை பார்த்தபோது நான் பதறிப்போய் ஓடிக் கையைப் பிடித்துவிட்டேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"யாருன்னு தெரியல, ஆனா கைய விட்டுருங்க சார். இப்படித்தான் ஒருத்தரு உதவி செய்யுதேன்னு சொல்லி, நான் இறங்குன பஸ்ஸுலயே திரும்ப ஏத்தி விட்டுட்டாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் யாரென்று சொன்னதும், தான் எப்படிக் கடக்கிறார் என்பதையும் சொன்னார். வேகத்தடையில் ஏறும் வண்டி 'தடக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்து வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, லாரியா பைக்கா என்று தெரிந்துகொள்வார். சத்தம் ஓய்ந்ததும் நடப்பார். மேடு இல்லாத வாரங்களில் இன்ஜின் இரைச்சலை மட்டும் நம்பி, நெடுநேரம் நின்று கடப்பார். அன்றிலிருந்து அந்த வாரங்களில் ஆபீஸ் போகும் முன் அங்கே போய் நிற்பது என் வழக்கமாகிவிட்டது.

அப்புறம் பேட்டரி வண்டிகள் வந்தன. புகை இல்லை, இரைச்சல் இல்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். டவுனில் நின்று மூச்சு விட முடிகிறதே என்று தேவசகாயம் சாரிடமே சொன்னேன். அந்த வருஷத் தேரோட்டம் முடிந்து, மேடு இன்னும் போடாத ஒரு காலை. வீதி ஓரத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டீச்சரின் பஸ் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. டமார் என்று தகரம் நசுங்கும் சத்தம். ஓடினேன். ஒரு பேட்டரி ஆட்டோ, நிறுத்தியிருந்த லோடு வேனில் மோதி நின்றது. அதன் சக்கரத்துக்கடியில் வெள்ளைக் கோல் இரண்டாக முறிந்து கிடந்தது. டீச்சர் ரோட்டின் நடுவில் அசையாமல் நின்றார். மேலே ஒரு கீறல் கூட இல்லை. ஆட்டோக்காரர்தான் இறங்கி உட்கார்ந்து அழுதார்.

"அவரத் திட்டாதீங்க" என்றார் டீச்சர். "மேடு இருந்தப்பம் பேட்டரி வண்டியும் சொல்லிட்டுத்தான் போவும். இப்பம் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது சார்."

மறுநாள் அவருடைய அண்ணன் ஆபீசுக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இத்தன வருசம் நான் ஒண்ணும் சொல்லல. அவ சம்பாத்தியத்துல நாங்க சாப்பிடல, அவளுக்கு அந்த வேலைதான் உசிரு. ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? வேலைய விட்டுருன்னு சொல்லிட்டேன். அழுதுக்கிட்டுக் கெடக்கா. நீங்க ஏதாவது செய்வீங்கன்னா செய்ங்க. செஞ்ச பிறகு நான் ஒரு நாள் அங்கன நின்னு பாப்பேன். எனக்கு மனசு ஒப்பலன்னா, அதோட முடிஞ்சுது."

அதுவரை அவரே தினமும் பைக்கில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேடு திரும்பப் போட்டாலும் அடுத்த ஆனியில் எடுத்தாக வேண்டும். அப்போது பேட்டரி வண்டிகள் இன்னும் பெருகியிருக்கும். என் தலைக்குள் வண்டு குடைகிற மாதிரி இருந்தது.

தேவசகாயம் சார் ரப்பர் செருப்போடு வந்து, பள்ளி வாசலுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் இடையே நடந்தார். அன்றைக்கு 'அப்புறம்?' கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து நின்றார்.

"தேருக்கு மேடுதானவே ஆகாது? சத்தம் ஆகாதுன்னு யாரும் சொல்லலையே?"

அப்படித்தான் மேட்டுக்குப் பதிலாகக் கல் வந்தது. ரோட்டுக்குக் குறுக்கே, டீச்சர் கடக்கும் இடத்துக்கு இரண்டு புறமும் சற்றுத் தள்ளி, ஒவ்வொரு பட்டை. கல்லின் தலை தார் மட்டத்தைவிட ஒரு நூல் கூட உயரக் கூடாது. ஆனால் மேற்பரப்பு அம்மி கொத்தியது போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். சக்கரம் உருளும்போது கடகடவென்று பேச வேண்டும். வீதியைப் பாதிப் பாதியாக அடைத்து வேலை செய்தோம். ஒவ்வொரு கல்லையும் உளியால் கொத்தி, மணலும் சிமெண்டும் கலந்த படுக்கையில் இறக்கி, மட்டக்கோல் வைத்துப் பார்த்து, மரச் சுத்தியலால் தட்டி அமர்த்த வேண்டும். கொத்தனார் தட்டிவிட்டு நிமிர்ந்தால் நான் குனிவேன். "பாய், நீங்க தடவித் தடவிக் கல்லு வழுவழுப்பாயிரப் போவுது" என்று அவர் சலித்துக்கொண்டார்.

மழையில் பைக் வழுக்குமோ என்று அடுத்த பயம். பட்டை முழுக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, என் மொபெட்டை நானே ஓட்டிப் பார்த்தேன். ஓரமாகப் போனேன், குறுக்காகப் போனேன், நடுவில் பிரேக் பிடித்தேன். விழவில்லை. வீட்டில் இதைச் சொல்லவும் இல்லை.

தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களின் சம்மதமும் வேண்டும். உருளும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடி, மரக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புகிறவர்கள் அவர்கள். கை நழுவினால் கால் போய்விடும். அவர்களில் மூத்தவரான சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு கட்டையோடு வந்து குந்தி, கல்லின் மேல் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"மட்டமா இருக்குத வரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் இல்ல பாய். ஒரு கல்லு தலையத் தூக்குச்சுன்னா மட்டும் எங்கள நெனச்சுக்கிடுங்க."

இது போதாதா எனக்கு? அதற்கடுத்த தேரோட்டம் வரை வாராவாரம் மட்டக்கோலோடு போய்ப் பார்த்தேன். தேர் அந்தப் பட்டையைக் கடந்தபோது நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். சுடலைமுத்து அண்ணாச்சிதான் முதுகில் தட்டி, "போயாச்சு பாய், கண்ணத் தொறங்க" என்றார்.

கல் மட்டும் போதாது. கடக்கும் இடத்தின் இரு பக்கமும் லோடு வேன்கள் வரிசையாக நின்றால், ஓட்டுகிறவருக்கு டீச்சர் தெரியமாட்டார். அங்கே நிறுத்துவதைத் தடுத்து, தூக்கி வைக்கக்கூடிய பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் அரளிச் செடி வைத்தோம். தேர் நாட்களில் தொட்டிகளை எடுத்துவிடலாம். இதற்குப் பாத்திரக்கடை அண்ணாச்சி சண்டைக்கு வந்தார்.

"கடை வாசல்ல வண்டி நிக்கக் கூடாதுன்னா யாவாரம் எப்படி பாய் நடக்கும்? போதாததுக்கு இந்தக் கல்லு வேற. நாள் பூரா கடகடன்னு. என் கடையில பாத்திரம் உருளுத சத்தம் பத்தாதா?"

மார்க்கெட்டுக்குப் பின்னால் நிறுத்துமிடம் இருக்கிறது, நிழலும் இருக்கிறது, நடந்து வர நேரமாகாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. டீச்சரைப் பற்றிச் சொன்னேன். "அந்தம்மா போன பொங்கலுக்கு எங்கிட்டதான் குக்கர் வாங்குனாவ" என்றபடி உள்ளே போனார். ஒப்புக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கழுவிய தட்டுகளை அரளித் தொட்டி விளிம்பில் காய வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் தேரோட்டத்துக்கெல்லாம் முன்னால், கல்லும் தொட்டியும் வைத்து முடித்த கையோடு, அண்ணன் நின்று பார்க்க வேண்டிய நாள் வந்தது. நான் விடிகாலையில் சுபுஹு தொழுததும் கிளம்பிவிட்டேன். ரோட்டைப் பெருக்கி, கல் இடுக்கில் தங்கியிருந்த மண்ணைக் கம்பியால் நோண்டி எடுத்தேன். மண் அடைத்தால் சத்தம் குறையுமே என்று பயம். அண்ணன் தன் பைக்கை வேப்பமர நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, பள்ளி வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேவசகாயம் சார் அவருக்குப் பக்கத்தில் நின்றார். நான் டீச்சர் வந்து சேர வேண்டிய ஓரத்தில் நின்றேன். யாரும் அவருக்கு உதவக் கூடாது என்பது பேச்சு.

பஸ் வந்தது. டீச்சர் இறங்கினார், கையில் புதுக் கோல். பஸ் நகர்ந்ததும் விளிம்புக்கு வந்து நின்று தலையைச் சற்றுச் சாய்த்தார். ஒரு பைக் கடகடவென்று போனது. ஒரு வேன் போனது. பிறகு தெற்கே இருந்து ஒரு பேட்டரி ஆட்டோ வந்தது, துளிச் சத்தம் இல்லாமல். டீச்சர் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடலாமா என்று நினைத்தேன். ஆட்டோ கல்லின் மேல் ஏறியது. கடகடகட. டீச்சர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, அவரைப் பார்த்து, நின்றேவிட்டார். டீச்சர் கையை அசைத்து அவரைப் போகச் சொன்னார். அவர் போனார். இரண்டு பக்கமும் அமைதியானது.

டீச்சர் நடந்தார். கோல் இடமும் வலமுமாக ரோட்டைத் தடவியது. அவர் நடுவுக்கு வந்தபோது வடக்கே ஒரு பைக் பட்டையில் ஏறியது. அவர் நிற்கவில்லை, தூரம் இருக்கிறது என்று காது சொல்லியிருக்கிறது. பைக் வேகம் குறைந்து அவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போனது. அவர் ஓரத்துக்கு வந்து சேர்ந்து, கோலால் விளிம்பைத் தட்டிப் பார்த்து ஏறினார். பள்ளி வாசலில் அண்ணன் கட்டிய கையைப் பிரித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நீயே பஸ்ஸுல வந்துரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். தேவசகாயம் சார் ஜீப்புக்குப் போய் ஷூவை மாட்ட ஆரம்பித்தார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். டீச்சர் பள்ளி வாசலை நோக்கி நாலு எட்டு வைத்தவர், நின்று என் பக்கம் திரும்பினார்.

"ஓவர்சியர் சார் தான?"

"ஆமா டீச்சர்."

"கல்லு நல்லா சத்தம் போடுது. ஆனா நீங்க இம்புட்டு மூச்சு வாங்குனா எனக்கு அந்தச் சத்தம் எப்படி சார் கேக்கும்? நாளையிலேர்ந்து வராதீங்க."

சரி டீச்சர் என்றேன். மறுநாளும் போனேன். பாத்திரக்கடைக்கு அந்தப் பக்கம், என் மூச்சு அவருக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டேன்.